நாய்ச் சண்டை நம் சண்டையாவது ஏன்?

சிங்கப்பூரில் பீஷான் – அங் மோ கியோ பூங்காவுக்குப் போய் வந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நாய்களைச் சங்கிலி அவிழ்த்து ஓடவிடுவதற்கென்றே அங்கே வேலி அடைத்த இடம் இருக்கிறது. உள்ளே நாய்கள் துரத்திப் பிடித்து விளையாடும். எசமானர்கள் கையில் சங்கிலியோடு பக்கத்திலேயே நிற்பார்கள். ஒரு நாய் பல்லைக் காட்டினால் அந்த நிமிடமே அதை இழுத்துக் கட்ட ஆள் உண்டு. அப்படிப்பட்ட இடங்களிலேயே நாய்க்காரர்களுக்குள் வாய்ச்சண்டை வருவதுண்டு என்றால், நம் தோட்டத்து லயங்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு, சிலியாவ், பகாவ் என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாலும், லயத்து வாசல், குழாயடி, கோயில் திடல், பிள்ளைகள் பந்தடிக்கும் மைதானம் எல்லாமே நாய்க்குப் பூங்காதான். வேலி இல்லாததைக்கூடப் பொறுத்துக் கொள்ளலாம். எசமானர் அல்லவா அங்கே இல்லை! அவர் விடியுமுன்னே பெரட்டுக்குப் போய்விட்டார். நாய் செய்யும் சேட்டைக்கெல்லாம் சாட்சி, வீட்டிலிருக்கும் பாட்டியும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும்தான்.

நாயின் அருமையை நாம் மறக்கவில்லை. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் பால்மரம் வெட்டப் போன பெண்களுக்கு முன்னால் ஓடிய நாய், பாம்பைக் கண்டு குரைத்து எத்தனை உயிரைக் காத்திருக்கும்! செம்பனை வந்த பிறகு எலி பெருகியது. எலியைத் தேடி நாகமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர்களுக்கு நாய்தான் கையும் காலும். ஆகவே, நாயே வேண்டாம் என்று யாராவது சொன்னால் தோட்டத்தில் எடுபடாது, எடுபடவும் வேண்டியதில்லை.

சரி, சண்டை எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் பழஞ்சோற்றிலும் நெத்திலித் தலையிலும்தான். பின்வாசலில் கொட்டுகிற மிச்சத்துக்கு நான்கு வீட்டு நாய்கள் கூடும், உறுமும், ஒன்றின் காதை ஒன்று கிழிக்கும். அடுத்தது பெட்டை நாய் பருவத்துக்கு வரும் சமயம். ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று வாரம், தோட்டத்துக் கடுவன்கள் அத்தனையும் அந்த வீட்டு வாசலில் காவல் கிடக்கும். இரவில் ஊளை, பகலில் கடி. இரண்டே மாதத்தில் ஐந்தாறு குட்டிகள். அவற்றைச் சாக்கில் போட்டு அடுத்த லயத்துப் பக்கம் விட்டுவிட்டு வருவோரும் இருக்கிறார்கள்!

நாய்கள் சண்டையைப் பத்து நிமிடத்தில் மறந்து நிழலில் படுத்துக் கொள்ளும். மனிதர்களுக்கு அது வருமா? கடிபட்ட பிள்ளையின் தாய் வாசலில் வந்து நின்றால், நேற்றுவரை 'எங்க மணி' என்று கொஞ்சப்பட்ட நாய் அந்த நொடியே அநாதையாகிவிடும். "அது எங்க நாய் இல்லைக்கா, சும்மா வந்து தின்னுட்டுப் போகும்" என்பார்கள். இந்த ஒரு சொல்தான் நெருப்பை மூட்டுவது. பிறகு கோயில் வரியும் கல்யாண மொய்யும் பேச்சில் வரும். ஒரே லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழும் இரண்டு குடும்பங்கள் முகம் பார்க்காமல் ஆகும். ஆத்திரம் முற்றினால் ஒருநாள் காலையில் நாய் நுரை தள்ளிக் கிடக்கும்.

நஞ்சு வைப்பது கோழையின் வேலை. கோழியும் ஆடும் அதைத் தின்னும். கைக்குழந்தை எடுத்து வாயில் வைக்கும். சட்டமும் சும்மா விடாது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி விலங்குக்கு இழைக்கும் கொடுமைக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

நாயை அவிழ்த்துவிடுவது அந்தந்த வீட்டு விவகாரம் என்று எண்ணுவோர், நம் மாநிலத்தில் நடந்ததையே நினைத்துப் பார்க்கட்டும். 1998–1999இல் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் பரவிய நோய், நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலி கொண்டது. அந்தக் கிருமிக்கு நிப்பா என்ற பெயரே இங்கிருந்துதான் போயிற்று. பண்ணைகளைச் சுற்றிய நாய்களையும் அது தொற்றியது. வெறிநோயோ அதைவிடப் பழைய எமன். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் புகுந்தபோது முதலில் பலியானவர்கள் சிறு குழந்தைகள். அதன்பின் அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டிருக்கிறார்கள். நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது அரிதிலும் அரிது. எனவே நாய் கடித்தால் மஞ்சளையும் காப்பித்தூளையும் தேடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்கு ஓடுங்கள். யார் நாய் என்ற விசாரணையைத் திரும்பி வந்து வைத்துக் கொள்ளலாம்.

தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்குச் சிக்கல் வேறு விதம். பழக்கத்தில் மாலையில் கதவைத் திறந்து நாயை விடுகிறார்கள். பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம் இருக்கும். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். அந்த வீட்டு வாசலில் நம் நாய் போய் நின்றால், அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய தொல்லை! தாமானில் சங்கிலியும் ஊராட்சி மன்ற உரிமமும் இல்லாமல் நாய் வளர்க்க நினைக்கவே கூடாது.

லயத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடியதும் அதிகமில்லை. வேலைக்குப் போகும்போது நாயைக் கட்டிவிட்டு, வந்ததும் கூடவே நின்று அவிழ்த்துவிடலாம். ஒன்றையொன்று ஆகாத இரண்டு நாய்களை வேளை மாற்றி விடலாம். நாள் முழுதும் கட்டியே போட்டால் அதன் குணம் கெடும் என்பதையும் மறக்க வேண்டாம். பெட்டைக்குக் கருத்தடை செய்துவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்தது. கடித்துக் கொள்ளும் நாய்களுக்கு நடுவே கையை மட்டும் விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை வீசுங்கள்.

புதிதாகக் குட்டி கொண்டு வருகிறவர்களுக்கு இன்னொன்று. பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை குட்டி யார் யாரோடு பழகுகிறதோ, அவர்களிடம் பிற்காலத்தில் அச்சமின்றி இருக்கும். அந்த நாட்களில் அதை அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் மடியில் கொஞ்சம் விட்டு வையுங்கள். பாட்டி கையால் ஒரு பிடி சோறும் வைக்கச் சொல்லுங்கள்.