கிண்ணத்தின் பிளவும் வெண்கலத்தின் களிம்பும்

பழம்பொருள் சேகரிக்கப் புகுவோர் முதற்கண் கற்கவேண்டுவது, கைக்கு வந்த பொருளைப் புதுக்காதிருத்தலேயாம். ஜப்பானியர் போற்றும் தேநீர்க் கிண்ணங்களும் சீனரின் பண்டை வெண்கலக் கலங்களும் இதனை நன்கு விளக்கும்.

தோக்கியோ தேசியப் பொருட்காட்சிச் சாலையில், சீனத்து லுங்சுவான் சூளையிற் செய்த பசுமெருகுக் கிண்ணம் ஒன்றுளது. 15-ஆம் நூற்றாண்டில் அதனை வைத்திருந்தவர் அஷிகாகா யோஷிமாசா என்னும் ஜப்பானியத் தலைவர். அது பிளவுறவே, அதற்கீடான வேறொன்று வேண்டிச் சீனத்துக்கு அனுப்பினாராம். அத்தகையது இனிக் கிடைத்தலரிதென்று கூறிய சீனர், பிளவை உலோகக் கொக்கிகளால் இறுக்கித் திருப்பியனுப்பினராம். அக்கொக்கிகளை வெட்டுக்கிளிக்கு ஒப்பிட்டுக் கிண்ணத்துக்கு ‘பகோஹான்’ என்று பெயரும் இட்டனர். பழுதே அதன் பெயராயிற்று! உடைந்த கிண்ணங்களை உருஷி என்னும் மரப்பாலால் ஒட்டி, ஒட்டின்மீது பொற்றூள் தூவும் வழக்கமும் ஜப்பானில் உண்டு. அஃது உடைவை மறைத்தற்கன்று.

இனி, வெண்கலத்தைக் காண்போம். ஷாங், சௌ மரபினர் காலத்துக் கலங்கள், முன்னோர்க்கு உணவும் மதுவும் படைத்தற்கென, பகுதி பகுதியாக அமைத்த களிமண் அச்சுக்களில் வார்க்கப்பட்டவை. வார்த்த நாளிற் பொன்னெனப் பொலிந்தவை, நெடுங்காலம் மண்ணிற் கிடந்து பச்சை, நீலம், செம்மை ஆகிய களிம்பு பூண்டன. நம் வீட்டுச் செம்புக்குப் புளி தக்கதே. இவற்றைப் புளியிட்டுத் துலக்குவோன் மூவாயிரம் ஆண்டுச் சான்றினை ஒரு நாழிகையில் அழித்தவனாவான்.

ஆயினும், களிம்பெல்லாம் ஒரு தன்மையன அல்ல. கெட்டியாய்ப் படிந்திருப்பது கேடு செய்யாது. வெளிறிய பச்சைப் பொடியாய் உதிர்வதோ, குளோரைடு உப்பும் ஈரமும் கூடி உலோகத்தை அரிக்கும் நோயாம். அத்தகைய கலத்தை ஈரமற்ற இடத்தில் வைத்து, வல்லுநரிடம் ஒப்புவித்தல் வேண்டும்.

போலி செய்வோரும் களிம்பின் மதிப்பை அறிவர்; நிறம் பூசி அதுபோலக் காட்டுவர். எழுத்துள்ள கலம் மிக்க விலை பெறுமாதலின், எழுத்தில்லாத மெய்க்கலத்திற் பொய்யெழுத்தை வெட்டியதும் உண்டு. இது முழுப்போலியினும் கொடிதென்பது எம் கருத்து, மெய்ச்சான்றையே பொய்ச்சான்றாக்குகின்றதன்றோ!

ஆதலின், கலத்தின் உருவம், அளவு, நிறை, எழுத்து ஆகியவற்றை உள்ளவாறே எழுதிவைத்தல் சேகரிப்போர் கடன். சுங் மரபின் பேரரசர் ஹ்வேய்சுங் தம்மிடமிருந்த 800-க்கு மேற்பட்ட கலங்களை அவ்வாறு படங்களுடன் பதிவு செய்வித்தார். 1127-ஆம் ஆண்டில் தலைநகர் கைஃபெங் பகைவர் வசமாயிற்று; கலங்கள் சிதறின. அப்பதிவு நூல் இன்றும் உளது.