சுருதி பிடிக்க சர்டிஃபிகேட் உண்டா பாஸ்?

காலேஜ் ஆடிட்டோரியத்துல ஓரமா ஒரு பழைய பியானோ தூங்கிட்டிருந்தா, மூடியைத் திறந்து ரெண்டு கட்டையைத் தட்டிப் பாருங்க. பாதி தகர டப்பா சத்தம்தான் வரும்! உள்ளே சுமார் 230 கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுக்கிற விசை சுமார் 18 டன் இருக்கும். மழையில மரம் உப்பும், வெயில்ல சுருங்கும். கூடவே சுருதியும் நழுவும். அதை இழுத்துப் பிடிக்கிறவர்தான் பியானோ டெக்னீஷியன்.

வர்றவர் கில்லாடியா, டுபாக்கூரான்னு எப்படித் தெரியும்? பியானோ வச்சிருக்கிற முக்கால்வாசிப் பேருக்கு அந்த நுணுக்கம் காதுல ஏறாது. காசு கொடுக்கிறவருக்கே தரம் தெரியாத தொழில்!

அமெரிக்காவுல இதுக்கு லைசென்ஸ் கிடையாது. ஸ்பேனர் வாங்கினவரெல்லாம் ட்யூனர்தான். அதனால அங்கே 'பியானோ டெக்னீஷியன்ஸ் கில்டு'ன்னு ஒரு சங்கம் இருக்கு. சந்தா கட்டினா மெம்பர் ஆகிடலாம். ஆனா 'ரிஜிஸ்டர்டு பியானோ டெக்னீஷியன்'னு போட்டுக்கணும்னா மூணு பரீட்சை. எழுத்துத் தேர்வு, ரிப்பேர் தேர்வு, ட்யூனிங் தேர்வு.

மூணாவதுதான் செம. தேர்வாளர்கள் கூடி உட்கார்ந்து ஒரு பியானோவைக் கச்சிதமா சுருதி சேர்த்து, அதை அளந்து பதிவு பண்ணிடுவாங்க. அப்புறம் அவங்களே அதைக் கலைச்சு விடுவாங்க. நீங்க திரும்பச் சேர்க்கணும். நடுவுல இருக்கிற ரெண்டு ஆக்டேவுக்கு மெஷின் உதவி கிடையாது, வெறும் காதுதான். பாஸ் மார்க் 80! நம்ம அரியர் கோஷ்டி ஒரு நிமிஷம் மௌனமா நிக்கலாம்.

பிரிட்டன்ல ட்யூனர்கள் சங்கம் 1913-லேயே வந்தாச்சு. ஜப்பான்ல 2011-லிருந்து தேசிய அளவுல திறன் தேர்வே நடக்குது.

பேட்ஜ் இருந்தாத்தான் பேருன்னும் இல்லை. 1986-ல் பியானோ மேதை ஹோரோவிட்ஸ் மாஸ்கோ போனப்ப, தன் ஸ்டெயின்வே பியானோவையும் டெக்னீஷியன் ஃபிரான்ஸ் மோரையும் கூடவே கூட்டிட்டுப் போனார். இதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் வேணுமா?

நம்ம ஊருக்கு வருவோம். சென்னை அண்ணா சாலையில 'மியூசி மியூசிகல்' கடை 1842-லிருந்து இருக்கு. அதாவது, பியானோ நமக்குப் புதுசில்லை. ஆனா ட்யூன் பண்றதுக்கு லைசென்ஸ் கிடையாது. மியூசிக் டீச்சர் சொன்னார், சர்ச்சுல சொன்னாங்கன்னு வாய்வழியாத்தான் ஆள் தேடணும்.

இதே கதை மிருதங்கத்துலயும் உண்டு, கொஞ்சம் கசப்போட. பசு, எருமை, ஆடுன்னு மூணு தோலைப் பதமா சேர்த்து, வார் இழுத்து, நாதம் வர வைக்கிறவங்க பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரோட மிருதங்கத்துக்குப் பின்னால பர்லாந்துங்கிற கைவினைஞரோட உழைப்பு இருந்துச்சு. வித்வானுக்குப் பிடிச்சுப்போச்சுங்கிறதுதான் அவங்களுக்கு சர்டிஃபிகேட். ஆனா அந்தப் பேரு வித்வான் வட்டத்தைத் தாண்டி வெளியே வரலை. டி.எம்.கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகம் எழுதின 2020-லதான் நிறையப் பேர் இவங்களைப் பத்திப் பேசவே ஆரம்பிச்சாங்க.

அடுத்த மார்கழிக்கு ஒரு கச்சேரி அழைப்பிதழ் கிடைச்சா புரட்டிப் பாருங்க. பாட்டு யாரு, வயலின் யாரு, மிருதங்கம் யாருன்னு இருக்கும். ஸ்பான்சர் பேரு கொட்டை எழுத்துல இருக்கும். அந்த மிருதங்கத்தைச் செஞ்சவர் பேரு எங்கேயாவது இருக்கான்னு தேடுங்க.