இரத்தப் புற்றுநோயும் 'ஏ.பி.எல்.' ஜீனும்

பெங்களூர் ஓசூர் சாலையிலுள்ள கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் 1973-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. கருநாடகத்தார் மட்டுமன்றி, நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தாரும் அங்குச் சிகிச்சைக்குச் செல்கின்றனர். இத்தகைய நிலையங்களை நாடி வருவோருள் ஒரு சாரார், 'நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்' கண்டவர்கள். மேலைநாடுகளில் இந்நோய் பெரும்பாலும் 60 வயதையொட்டித் தோன்றுவது; நம் நாட்டிலோ 35, 40 வயதில், குடும்பப் பாரம் முழுவதும் தோளிலிருக்கும் பருவத்திலேயே மிகுதியாகக் காணப்படுகிறது.

இந்நோய்க்குக் காரணம் ஒரே ஒரு ஜீன் இடம் மாறியதேயாகும். அதனை அறிவதற்குமுன் 'கைனேஸ்' என்னும் புரதவகையை அறிதல் வேண்டும். உயிரணுவினுள் பணிபுரியும் புரதங்கள் எப்பொழுது இயங்கவேண்டும், எப்பொழுது ஓயவேண்டும் என்பதைப் பெரும்பாலும் இவையே நிர்ணயிக்கின்றன. 'ஏ.டி.பி.' என்னும் பொருளிலிருந்து ஒரு பாஸ்பேட்டுத் துணுக்கைப் பிரித்து மற்றொரு புரதத்தின்மீது ஏற்றிவிடுவதே இவற்றின் தொழில். இச்சொல்லைத் தமிழாக்க முயன்று 'பாஸ்பேட்டேற்றி' என எழுதிப் பார்த்தேன். பொருள் விளங்கிற்று, நாவில் ஏறவில்லை. ஆதலின் கைனேஸ் என்றே வழங்குவோம். மனித உடலில் இவை 500-க்குச் சற்று மேற்பட்டவை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் காலஞ்சென்ற பேராசிரியர் என். சீனிவாசனின் குழுவினர், பல உயிர்களின் கைனேஸ்களைத் தேடித் தொகுத்து 2004-இல் வெளியிட்டனர்.

1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்னும் இருவர், இந்நோயாளிகளின் இரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருக்கக் கண்டனர். 9-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டதன் விளைவே அது என்று 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரவுலி அம்மையார் விளக்கினார். 9-இல் இருந்த 'ஏ.பி.எல்.' என்னும் கைனேஸ் ஜீன், 22-இல் உள்ள 'பி.சி.ஆர்.' ஜீனோடு இணைந்துவிடுகிறது. வயலுக்கு நீர் இறைக்கும் மோட்டாரின் சுவிட்சு ஒட்டிக்கொண்டு நிறுத்தவே இயலாமற்போனால் என்னவாகும்? அதுவே இங்கும் நிகழ்கிறது. ஓய்வறியாத அக்கைனேஸின் தூண்டுதலால் எலும்பு மஜ்ஜை வெள்ளையணுக்களை உண்டாக்கிக்கொண்டே போகிறது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 11,000-க்கு மேற்படாதிருக்கவேண்டிய அவ்வணுக்கள், ஓர் இலட்சத்தையும் தாண்டிவிடுவதுண்டு.

ஜீன் என்றதும் பரம்பரை நோய் என முடிவுகட்டி, அவ்வீட்டில் பெண் கொள்ளவும் கொடுக்கவும் தயங்குவோர் உளர். அது தவறு. இம்மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதன்று. பிறந்தபின் மஜ்ஜையிலுள்ள ஓர் உயிரணுவில் நேர்வது. பிள்ளைகளுக்குச் செல்லாது; பிறருக்குத் தொற்றவும் செய்யாது. ஆசிரியர்கள் இதனை ஊரார்க்கு எடுத்துரைத்தல் நலம்.

நீங்காத களைப்பு, உடல் மெலிவு, இரவில் வியர்த்தல், மண்ணீரல் வீங்குவதால் இடப்பக்க விலாவின் கீழ்ப் பாரம் ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்கு எவ்வகை அறிகுறியுமிராது. சாதாரண இரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனையே ஐயத்தை எழுப்பப் போதும். நோயை உறுதிசெய்யும் ஜீன் பரிசோதனைக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

முன்னாளில் நோயாளிகளிற் பெரும்பாலோர் சில ஆண்டுகளே உயிர்வாழ்ந்தனர். 2001-இல் வெளிவந்த 'இமாட்டினிப்' மாத்திரை அந்நிலையை மாற்றிற்று. கைனேஸில் ஏ.டி.பி. வந்து பொருந்தும் குழியினுள் தான் புகுந்து அடைத்துக்கொள்வதால், ஓயாத சுவிட்சு ஓய்கிறது. ஆயின் விலையோ மாதம் சுமார் 1,20,000 ரூபாய்! இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தைப் பத்தாயிரத்துக்கும் குறைவாகத் தந்தன. நோவார்ட்டிஸ் கம்பெனி 1998-இல் சென்னையில் தொடுத்த பேடண்ட் விண்ணப்பத்தை அங்குள்ள அலுவலகம் 2006-இல் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஏழை நோயாளி பிழைத்ததில் மஜ்ஜைக்கும் மருந்துக்கும் உள்ள பங்கு, இவ்வழக்குக்கும் உண்டு என்பேன்.

இனி எஞ்சியிருப்பது, மாத்திரையை நாடோறும் உட்கொள்ளல். பலர் தவறுவது இங்கேதான். மருந்து சுவிட்சை அழுத்திப் பிடிக்கிறதேயன்றி நோயை வேரோடு களைவதில்லை. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையார் 87 நோயாளிகளின் மருந்துப் புட்டி மூடியில் சிறு மின்கருவி பொருத்திக் கணக்கிட்டு, 2010-இல் முடிவை வெளியிட்டனர். மாத்திரைகளில் நூற்றுக்கு 90-க்கு மேல் தவறாது உண்டோரில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் நல்ல குணம் எய்தினர். 90-ம் அதற்குக் குறைவுமாக உண்டோரில் 28 விழுக்காட்டினரே எய்தினர். 90 விழுக்காடு என்பது மாதத்தில் மூன்று நாள் தவறுவதேயாம்! அறுவடைக் காலத்திலோ, உடம்பு தேறிவிட்டதென்ற எண்ணத்திலோ ஒரு வாரம் விட்டுவிடுவோரைக் களப்பணியாளர் கண்டறிந்து வற்புறுத்தவேண்டும். பல்லாண்டு நற்குணம் நிலைத்த சிலர்க்கு மருத்துவர் தம் கண்காணிப்பில் மருந்தை நிறுத்துவதுண்டு. தாமே நிறுத்துதல் ஆகாது. கருவுற விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லவேண்டும். இம்மருந்து கருவுக்கு ஊறு செய்யவல்லது. மாத்திரையை உணவோடு, பெரிய குவளை நிறைய நீருடன் விழுங்கவேண்டும். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாக உண்ணலாகாது.