நாவலும் ஏஜெண்டும்

'ஏஜெண்டு' என்றதும் நம்மில் பலருக்கு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டின் முகந்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் லண்டனிலும் நியூயார்க்கிலும் வேறொரு வகை ஏஜெண்டுகள் உண்டு. நாவலாசிரியருக்கும் பிரசுரகர்த்தருக்கும் நடுவே நிற்பவர்கள் அவர்கள். 1870-களில் ஏ. பி. வாட் என்பவர் லண்டனில் இத்தொழிலைத் தொடங்கினார். ஆசிரியருக்குக் கிடைக்கும் தொகையில் நூற்றுக்கு 10 அவருடைய கமிஷன். இன்று அது பெரும்பாலும் 15. அங்குள்ள பெரிய பிரசுராலயங்கள் பல, ஏஜெண்டு மூலம் வராத நாவலைப் பார்ப்பதேயில்லை.

சென்ற கோடை விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன், தான் ஆங்கிலத்தில் எழுதிய நாவலுடன் வந்து சேர்ந்தான். நாலு வருஷத்து உழைப்பு. பதினொரு ஏஜெண்டுகள் மறுத்துவிட்டார்கள். பன்னிரண்டாமவர் மட்டும், படித்துப் பார்க்கவே கட்டணம் கேட்டிருந்தார். தாயாரின் வளையலை அடகு வைக்கலாமா என்று பையன் யோசித்துக்கொண்டிருந்தான்!

"வைக்காதே, அப்பா! ஆசிரியருக்குப் பணம் வந்த பிறகே தம் பங்கை எடுத்துக்கொள்பவர்தான் யோக்கியமான ஏஜெண்டு" என்றேன்.

"என் எழுத்தில் அவ்வளவு குற்றமா, ஸார்?"

பிரதியைப் புரட்டினேன். பாஷையில் குற்றமில்லை. ஆனால் கதாநாயகியின் கலியாணம் நின்றுபோவது 61-ஆம் பக்கத்தில். அதுவரை பாட்டனாரின் கிராமமும் அதன் ஆற்றங்கரையுந்தான். ஏஜெண்டு முதலில் கேட்பதோ ஒரு பக்கக் கடிதம், ஒரு கதைச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள், அவ்வளவே. பதினொரு பேரும் ஆற்றங்கரையைப் பார்த்தார்களேயன்றி, அந்தப் பெண்ணைப் பார்க்கவேயில்லை.

கடிதத்தில் ஏஜெண்டு தேடுவது, யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, கிடைக்காவிட்டால் என்ன நஷ்டம் என்பதைத்தான். தற்புகழ்ச்சி அங்கே செல்லாது. சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிட வேண்டும். என் மாணவனோ, "மர்மம் கெட்டுவிடும்" என்று முடிவை மறைத்திருந்தான். ஆசிரியருக்குக் கதையை முடிக்கத் தெரியுமா என்று அறிவதற்கல்லவா அதைக் கேட்கிறார்கள்? நீளமும் ஒரு விஷயம். முதல் நாவல் 80,000 முதல் ஒரு லக்ஷம் வார்த்தைகளுக்குள் இருப்பதையே பலரும் விரும்புகிறார்கள். இவனுடையது இரண்டு லக்ஷத்தைத் தாண்டியிருந்தது.

இவை எல்லாவற்றிற்கும் மேலாக அவர்கள் தேடுவது, வேறெங்கும் கேட்டிராத ஒரு குரல். அருந்ததி ராயின் 'சின்ன விஷயங்களின் கடவுள்' கையெழுத்துப் பிரதியைப் படித்த லண்டன் ஏஜெண்டு டேவிட் காட்வின், விமானமேறி இந்தியாவுக்கே வந்துவிட்டார். 1997-இல் அந்நூல் புக்கர் பரிசு பெற்றது.

மறுப்பு வந்ததாலேயே குரல் இல்லையென்று ஆகிவிடாது. ஆர். கே. நாராயணனின் முதல் நாவல் பிரசுரகர்த்தர்களிடமிருந்து திரும்பித் திரும்பி வந்தது. மனம் கசந்த அவர், அதைத் தேம்ஸ் நதியில் எறிந்துவிடும்படி இங்கிலாந்திலிருந்த நண்பருக்கு எழுதினார். நண்பரோ அதைக் கிரஹாம் கிரீனிடம் கொண்டு போனார். 'சுவாமியும் நண்பர்களும்' 1935-இல் வெளியாயிற்று.

இதைக் கேட்ட பிறகே பையன் முகம் சற்றுத் தெளிந்தது. இப்போது கலியாணம் நின்ற பந்தலிலிருந்து நாவலைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறான். ஆற்றங்கரையில் பாதி போய்விட்டதாம். வளையல் தாயாரின் கையிலேயே இருக்கிறது.