கூப்பிடு தூரத்தில் வீடு: 1888 பனிப்புயலும் பள்ளிக் குழந்தைகளும்

இன்னைக்கு எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். வீடு கூப்பிடு தூரத்துல இருக்கு, ஆனா போய்ச் சேர முடியல. இது எப்படி நடக்கும்?

1888 ஜனவரி 12. அமெரிக்காவோட நெப்ராஸ்கா, டகோட்டா சமவெளி. மரங்களே அதிகம் இல்லாத புல்வெளி. அங்கொண்ணும் இங்கொண்ணுமா பண்ணை வீடுகள். ஒரே அறை, ஒரே டீச்சர்னு பள்ளிக்கூடங்கள். நீங்க அங்க எட்டு வயசுக் குழந்தைன்னு வச்சுக்கோங்க. பல நாள் கடுங்குளிருக்குப் பிறகு அன்னைக்குக் காலையில வெளியே இதமா இருக்கு. கனமான கோட்டை வீட்டிலேயே விட்டுட்டு ஸ்கூலுக்குக் கிளம்பிடுறீங்க.

வகுப்பு நடக்கும்போதே வடமேற்குல இருந்து இருட்டு கட்டிக்கிட்டு வருது. துருவப் பக்கத்துக் குளிர்காற்று, இதமான காற்றுக்குள்ள மோதி நுழையுது. சில நிமிஷத்துல எல்லாமே மாறிடுது.

அந்தப் பனி பூ மாதிரி விழற பனி இல்ல. மாவு மாதிரி நுண்ணிய தூள். கண் இமையில ஒட்டி உறைஞ்சு கண்ணையே மூடிடும். நீட்டுன கை தெரியாது. கத்துனா காத்து சத்தத்துல குரல் கேக்காது. அப்போ கூப்பிடு தூரம்ங்கிற கணக்கே செல்லாது.

இதுல குழந்தைக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கு. எடையோட ஒப்பிட்டா குழந்தைகளோட தோல் பரப்பு பெரியவங்களைவிட அதிகம். அதனால உடம்புச் சூடு சீக்கிரம் போயிடும். தோலை ஒட்டியிருக்கிற மெல்லிய சூடான காற்றையும் புயல் அடிச்சுட்டுப் போயிடும். சூடு குறையக் குறைய மூளையும் தடுமாறும். அப்புறம் எந்தப் பக்கம் போறோம்னே தெரியாது.

இப்போ டீச்சர் இடத்துல இருந்து பாருங்க. அடுப்புக்கு விறகு தீரப்போகுது. உள்ளேயே இருக்கலாமா, கிளம்பலாமா? மின்னி ஃப்ரீமேன்னு ஒரு டீச்சர். கூரையே பிச்சுக்கிட்டுப் போனதும் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஒரு பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாங்க. எல்லாரும் பிழைச்சாங்க. லோயிஸ் ராய்ஸ்னு இன்னொரு டீச்சர், மூணு குழந்தைகளோட, தான் தங்கியிருந்த பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினாங்க. வழி தவறி ராத்திரி முழுக்க வெட்டவெளியில கிடந்தாங்க. மூணு குழந்தைகளும் இறந்துட்டாங்க, அவங்க கால்களை இழந்தாங்க. ரெண்டு பேருமே தைரியசாலிகள்தான். யார் முடிவு சரின்னு தீர்ப்பு சொல்ல நமக்குத் தகுதி இல்ல.

மொத்தம் சுமார் 235 பேர் இறந்ததா சொல்றாங்க. அதுல நிறைய பேர் குழந்தைகள். அதனாலதான் இதுக்குக் 'குழந்தைகளின் பனிப்புயல்'னே பேர்.

என்னை ரொம்ப உறுத்தினது வேற ஒண்ணு. அப்போ வானிலைக் கணிப்பு ராணுவத்தோட வேலை. குளிர் கூடும்னு கணிப்புல இருந்துச்சு. இவ்வளவு வேகமா, இவ்வளவு கடுமையா வரும்னு இல்ல. அந்தக் கணிப்பும் தந்தி போன ஊரோட நின்னுபோச்சு, பண்ணை வீட்டு வாசலுக்கு வரல. எங்க பாஷையில சொன்னா, சர்வர்ல டேட்டா இருந்துச்சு, யூசருக்குப் போய்ச் சேரல.

மழை நாள்ல காலையில 'இன்னைக்கு லீவு'ன்னு மெசேஜ் வந்தா நாம குஷியாகிடுறோம். அது ஒரு எச்சரிக்கை, சரியான நேரத்துல, சரியான வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கு. டகோட்டா குழந்தைகளுக்கு அது கிடைக்கல.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.