நோ நோ ஹனா

ஜப்பானியர் காட்டுப்பூவை 'நோ நோ ஹனா' என்பார்கள். முதல் 'நோ' என்பது வெட்டவெளி. இரண்டாவது 'நோ' உடைமையைக் குறிக்கும் உருபு. 'ஹனா' என்றால் பூ. வெளிக்கு உரிய பூ என்பதே இதன் பொருள். மத்தேயு 6:28-ல் நாம் 'காட்டுப்புஷ்பங்கள்' என்று வாசிக்குமிடத்தில், 1955-ம் ஆண்டின் ஜப்பானிய மொழிபெயர்ப்பில் இச்சொல்லே நிற்கிறது.

ஒருவரும் நடாத இப்பூவை அம்மக்கள் அற்பமாய் எண்ணுவதில்லை. தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூ (1522–1591), பூவை அது வெளியில் நிற்கிறபடியே குவளையில் வைக்கக் கற்பித்தார். தேநீர் அறையில் பகட்டான மலர்க்கொத்துக்கு இடமில்லை. அந்தந்தப் பருவத்தின் எளிய பூக்கள் ஒன்றிரண்டே போதும்.

தொமிஹிரோ ஹோஷினோ என்ற உடற்பயிற்சி ஆசிரியர் 1970-ல், தமது 24-ம் வயதில், மாணவருக்குப் பயிற்சி அளிக்கையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். மருத்துவமனைப் படுக்கையில் தூரிகையை வாயில் கவ்விப் பூக்களை வரையத் தொடங்கினார். 1974-ல் ஞானஸ்நானம் பெற்றார். துர்நாற்றமுள்ள களையென்று பலர் பிடுங்கியெறியும் தொக்குதாமியையும் அவர் வரைந்தார். அதுவோ நாட்டு வைத்தியத்தில் மருந்து! அவருடைய சொந்த ஊரில் 1991-ல் அவர் ஓவியங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2024-ல் அவர் மரித்தார்.

ஓடித் திரிந்த நாட்களில் காலடியில் கிடந்ததை, அசையக்கூடாத நாட்களிலே அவர் உற்றுநோக்கினார். பிழைப்புக்காக நகரத்தில் விரைந்தோடும் நாமும், மதிலோரத்துச் சிறு பூவுக்காக ஒரு கணம் நிற்கலாமே! அந்தப் பூவைப்போலவே ஒருவரும் கவனியாத மனிதரும் நம் தெருவில் உண்டல்லவா?