கூரைக்குள் ஒரு வானம்

சென்ற பொங்கல் விடுமுறையில், பேரக் குழந்தைகள் இருவரையும் சென்னைக் கோட்டூர்புரத்திலுள்ள பிர்லா கோளரங்கத்திற்கு அழைத்துச் சென்றேன். பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மைய வளாகத்தில் 1988ஆம் ஆண்டு முதல் அது இயங்கி வருகிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிக் காட்சிகள் உண்டு. நாங்கள் தமிழ்க் காட்சிக்கே சென்றோம்.

அதற்குக் காரணம் உண்டு. கங்காதர நெல்லூரில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு பயில்கிறார்கள். தமிழ் அவர்களுக்கு வெறும் அடுக்களைப் பேச்சாக நின்றுவிடுமோ என்ற கவலை நம்மில் பலருக்கு இருக்கிறது. விஞ்ஞானத்தையும் அம்மொழியில் ஒரு முறையேனும் அவர்கள் கேட்கட்டும் என்று எண்ணினேன்.

விளக்குகள் அணைந்தன. ஐந்து வயதுப் பேரன், "வீட்டுக்குப் போகலாம் தாத்தா" என்று விம்மத் தொடங்கினான். பிழை என்னுடையதே. அரங்கம் இருண்டுவிடும் என்று அவனிடம் முன்னதாகச் சொல்லி வைத்திருக்க வேண்டும். அவனை மடியில் இருத்திக்கொண்டேன். தலைக்குமேல் விண்மீன்கள் ஒவ்வொன்றாக அரும்பியதும் அழுகை ஓய்ந்தது.

கவிழ்த்த கிண்ணம் போன்ற வெண்ணிறக் கூரைமீது விழும் ஒளிப்புள்ளிகளே அங்கு விண்மீன்கள். கூரை அசையாதிருக்க, ஒளிக்கருவியைச் சுழலவிடும் இம்முறையை வகுத்தவர் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்துப் பொறியாளர் வால்தர் பவர்ஸ்பெல்டு. 1923இல் மியூனிக் நகரில் காட்டப்பட்ட முதற்கருவி ஏறத்தாழ 4,500 விண்மீன்களைத் தோற்றுவித்தது.

விளக்கவுரையில் திருவாதிரை என்ற பெயர் வந்தபோது, பத்து வயதுப் பேத்தி என் காதருகே குனிந்து, "நம்ம ஊர்லே ஆருத்ரான்னு சொல்றாங்களே, அதுவா தாத்தா?" என்றாள். அதுவேதான். நம் கார்த்திகை தெலுங்கில் கிருத்திகை; நம் சித்திரை அங்கே சித்த. பெயர் சற்றே மாறினாலும் விண்மீன் ஒன்றே. ஒரு மொழியைக் கற்க மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை என்பதை அவள் தானே கண்டுகொண்டாள்.

சென்னையும் நம் ஊரும் ஏறத்தாழ 13 பாகை அட்சரேகையிலேயே உள்ளன. ஆகையால் சென்னையின் வானமே நம் மொட்டைமாடி வானமும் ஆகும். துருவ நட்சத்திரம் வடக்கே அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்திலேயே நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே தேடினால் அது அகப்படும். மரமோ மலையோ மறைக்காதிருக்க வேண்டும், அவ்வளவே.

சென்னை செல்ல இயலாதவர்கள், திருப்பதி அலிபிரி சாலையில் 1993 முதல் இயங்கும் வட்டார அறிவியல் மையத்திற்கேனும் குழந்தைகளை அழைத்துச் செல்லலாம்.

ஊர் திரும்பிய அன்றிரவு மாடிக்கு முதலில் ஏறியவன், அரங்கில் அழுத அச்சிறுவனே. விளக்கை அணைக்கும்படி என்னிடம் சொன்னவனும் அவனே.